வளவனின் அட்டை ஆள்

1-9-2024, ஞாயிறு

இன்று வந்தவர்கள்: வளவன், ரஞ்சனி, அறிவழகன். வீட்டில் இருந்தவர்கள்: கட்டிலில் கனிஷ்கா, அடுப்படியில் நான். இவர் இல்லை. வளவனுடைய வண்டிச் சத்தம் தெருமுனையில் கேட்டதுமே சட்டையை மாட்டிக்கொண்டு லாரிப் பட்டறைக்குக் கிளம்பிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பட்டறையில் என்ன வேலை என்று நான் கேட்பதில்லை.

மூன்று மணியிலிருந்து ஆறு மணி வரை விளையாட்டு. கனிஷ்கா கதை சொல்வாள். மற்ற மூன்று பேருக்கும் கதைக்குள் ஆளுக்கொரு வேஷம். வளவன் கேடயக்காரன், ரஞ்சனி வைத்தியச்சி, அறிவழகன் பூட்டுத் திறக்கிற திருடன். என்ன செய்யப் போகிறோம் என்று அவர்கள் சொல்ல வேண்டும். நடந்ததா இல்லையா என்று இருபது முகமுள்ள பகடை சொல்லும். கட்டிலுக்குக் குறுக்கே இவர் லாரிப் பலகையில் அடித்துக் கொடுத்த மேசை. அதன் மேல் கட்டம் போட்ட தாள். தாளின் மேல் நான் வெட்டி ஒட்டிய அட்டை ஆட்கள்.

கனிஷ்கா இன்று நாலு தடவை சிரித்தாள். பாலும் மருந்தும் எழுதுகிற நோட்டில் இதையும் எழுதி வைக்கிறேன்.

4-9-2024, புதன்

வெட்டியது ஒன்பது. எலி ஆறு, பன்றி மூஞ்சிக்காரன் மூன்று.

இந்த விளையாட்டுக்கென்றே ஈயத்தில் பொம்மை விற்கிறதாம். அறிவழகன் போனில் காட்டினான். சுண்டுவிரல் உயரம்தான், ஆனால் கவசத்தில் உள்ள கண்ணி வரைக்கும் தெரிகிறது. விலையைக் கேட்டுவிட்டு போனைத் திருப்பிக் கொடுத்தேன். கனிஷ்கா சொன்னாள், "அந்தப் பொம்மைல நம்ம ஆளுங்க மூஞ்சி இருக்காதும்மா. அட்டைன்னா நாம நெனச்ச மூஞ்சிய வெக்கலாம்." அப்படித்தான் வைத்திருக்கிறாள். கேடயத்துக்கு மேலே வளவனின் முகம், காலேஜ் போட்டோவில் இருந்து எடுத்தது.

அவள் கம்ப்யூட்டரில் வரைந்து அனுப்புவாள். ஜெராக்ஸ் கடையில் தடித்த தாளில் எடுத்து வருவேன். மடிக்கிற கோட்டில் ஊசி முனையால் மெல்ல ஒரு இழுப்பு இழுத்தால் அட்டை பிளக்காமல் மடியும். யாரும் சொல்லித் தரவில்லை, நானே கண்டது. மைதாப் பசையில் தண்ணீர் கூடினால் ஆள் நெளிந்துவிடுவான், கெட்டியாகக் கிண்ட வேண்டும். காலுக்குக் கீழே கறுப்புக் கிளிப். அவ்வளவுதான், நின்றுவிடுவான்.

பிள்ளைகள் இதை டோக்கன் என்கிறார்கள். டோக்கன் என்றால் எனக்கு ரேஷன் கடை ஞாபகம்தான் வருகிறது. நான் ஆள் என்றே எழுதுகிறேன்.

9-9-2024, திங்கள்

சதுர்த்திக்கு வாங்கிய பிள்ளையாரை ஏரியில் விட்டு வந்தேன். கூடவே, கதையில் செத்துப்போன ஆட்களையும் விட்டேன். மொத்தம் பதினேழு. கசக்கிக் குப்பையில் போடச் சொல்லுவாள் கனிஷ்கா. மூஞ்சி உள்ள காகிதத்தை எப்படிக் குப்பையில் போடுவது? பன்றி மூஞ்சியானாலும் மூஞ்சிதானே.

15-9-2024, ஞாயிறு

மூவரும் வந்தார்கள்.

இன்னொன்று எழுத வேண்டும். எழுதாமல் விட்டால் இந்த நோட்டுப் பொய் நோட்டு ஆகிவிடும்.

வளவன் வாசல் படியை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறி வந்தான். "பெரிம்மா, பசிக்குதுங்" என்று சொல்லிக்கொண்டே வந்தான். நான் தட்டில் பணியாரம் வைத்துக்கொண்டிருந்தேன். அவன் காலைப் பார்த்தேன். அந்தக் காலையே பார்த்தேன். ஆண்டகளூர் கேட் தாண்டி ரோட்டில் கொட்டிக் கிடந்த ஜல்லியில் வண்டி சறுக்கியபோது ஓட்டியது அவன். பின்னால் உட்கார்ந்திருந்தவள் என் மகள். அவனுக்கு முழங்கையில் சிராய்ப்பு. அவளுக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி ஒன்றுமில்லை. இரண்டு வருஷமும் மூன்று மாதமும் ஆகிறது. அன்றிலிருந்து ஒரு ஞாயிறு தவறாமல் வருகிறான். தெரியும். எல்லாம் தெரியும்.

ஆனாலும் நினைத்தேன். 'இவன் காலுக்கு ஒன்றும் ஆகவில்லையே.' நினைத்தது அதோடு நிற்கவில்லை. 'ஏதாவது ஆனால்தான் என்ன' என்றும் ஒரு நொடி.

பிறகு அவனுக்கு இரண்டு பணியாரம் கூட வைத்தேன். வைத்தால் சரியாகிவிடுமா?

29-9-2024, ஞாயிறு

மூவரும் வந்தார்கள். கதையில் இன்று தொங்குபாலம். பின்னால் பன்றி மூஞ்சிக்காரர்கள் துரத்துகிறார்கள். பாலம் அறுந்துகொண்டிருக்கிறது. வளவன் சொன்னான், "நீங்க ரெண்டு பேரும் போங்க. நான் நின்னு புடிச்சுக்கறேன்."

ரஞ்சனி, "டேய், ஒனக்கென்ன பைத்தியமா? வாடா" என்றாள்.

"ஒருத்தராவது முழுசா அந்தப் பக்கம் போகோணுமில்ல?"

அவன் கனிஷ்காவைப் பார்க்காமல்தான் சொன்னான். அவளும் அவனைப் பார்க்காமல்தான், "உருட்டு" என்றாள்.

குறைவாக வந்தது, பாலத்து முனையிலேயே வெட்டுப்பட்டு விழுந்துவிட்டான். விழுந்த ஆளின் நெஞ்சில் சிவப்பு ஸ்கெட்சில் பெருக்கல் குறி போட்டு, முதுகில் பெயருக்குக் கீழே உயிர் எத்தனை என்று எழுதுவாள். சைபர் எழுதினாள். விழுந்தவன் மூன்று தடவை உருட்டலாம். இரண்டு தடவை பத்துக்கு மேல் வந்தால் பிழைப்பான். அதையும் அவனேதான் உருட்ட வேண்டும், அடுத்தவர் உருட்டக் கூடாது. முதலில் பதினாலு. அடுத்தது ஆறு. மூன்றாவதற்குக் கையை ஓங்கினான், அவன் அம்மா கந்தம்மாள் போன் செய்துவிட்டாள், விருந்தாள் வந்திருக்கிறார்கள் என்று.

"அடுத்த வாரம் உருட்டறேன். அதுக்குள்ள என்னைய எடுத்துப் பொதச்சராதீங்க பெரிம்மா" என்று சிரித்துவிட்டுப் போனான்.

மேசையில் அவன் ஆள் படுத்துக் கிடந்தான். நெஞ்சில் சிவப்புக் குறி. முகம் மட்டும் காலேஜ் சிரிப்பு.

1-10-2024, செவ்வாய்

ஏரிக்கரை மாரியம்மன் கோயிலுக்குப் போய் வந்தேன். அங்கே உருவத் தகடு வைக்கிறது வழக்கம். கண் நோவுக்குக் கண் தகடு, கை வலிக்குக் கைத் தகடு, பிள்ளைக்கென்றால் முழு ஆள் தகடு. கனிஷ்காவுக்காக இதுவரை நான் வைத்த கால் தகடு ஏழு ஜோடி.

இன்று வளவனுக்காகப் போனேன். கதையில் விழுந்தவனுக்காகவா, நிஜத்தில் இருக்கிறவனுக்காகவா என்று கேட்டால் எனக்கே சொல்லத் தெரியாது. முகம் ஒன்றுதானே. பதினைந்தாம் தேதி நினைத்த நினைப்பு உள்ளே முள்ளாகக் கிடந்தது. அதையும் சேர்த்து இறக்கி வைக்கலாம் என்றுதான். தகடு வாங்கவில்லை. தகட்டில் இருப்பது எல்லோருக்கும் பொதுவான ஆள். கையில் அவன் முகத்தோடேயே ஆள் இருக்கும்போது எதற்குப் பொது ஆள்? கனிஷ்கா தூங்கும்போது மேசையிலிருந்து எடுத்து வந்தேன். ஞாயிற்றுக்குள் வேறு ஒன்று ஒட்டி வைத்துவிடலாம்.

மஞ்சள் நூலில் கட்டி வேப்ப மரத்தில் தொங்கவிடப் போனால் மழை பிடித்துக்கொண்டது. தகடென்றால் நனையலாம். இது காகிதம், ஒரு மழைக்குத் தாங்காது. கூரை உள்ள இடம் முனியப்பன் மேடை மட்டும்தான். அங்கே நட்டிருக்கிற வேலில் கட்டிவிட்டு, 'விழுந்த பிள்ளையை எழுந்து நடக்க வை, சாமி' என்று கும்பிட்டு வந்தேன்.

வேலில் எலுமிச்சம் பழமும் மிளகாயும் குத்தியிருந்தது. பார்த்தேன். பார்த்தும் ஒன்றும் தோன்றவில்லை. நனையாமல் இருக்கட்டும் என்பதே எனக்குப் பெரிதாக இருந்தது.

5-10-2024, புரட்டாசி மூன்றாவது சனி

மாவிளக்கு போட்டேன். ரஞ்சனி போன் செய்தாள். வியாழக்கிழமை மழையில் வளவன் வண்டியோடு விழுந்துவிட்டானாம். வலது கால், முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் எலும்பு முறிவு. கம்பி வைத்திருக்கிறார்கள்.

வியாழக்கிழமை. நான் கட்டியது செவ்வாய்க்கிழமை.

6-10-2024, ஞாயிறு

யாரும் வரவில்லை. மேசையைப் போட்டு, ஆட்களை நிறுத்தி, ஆறு மணிக்கு எடுத்து வைத்தேன். "வளவன் டோக்கனக் காணோமே" என்றாள் கனிஷ்கா. புதிதாக ஒட்ட மறந்தே போய்விட்டது. "தேடறேன்" என்றேன். பொய் ஒன்று.

9-10-2024, புதன்

கந்தம்மாள் வந்தாள். பதினோரு மணி இருக்கும். இருபது வருஷப் பழக்கம், எங்கள் வீட்டு அடுப்பில் அவள் கை படாத நாள் குறைவு. உள்ளே வா என்றேன். வாசற்படியைத் தாண்டவில்லை. பிளாஸ்டிக் கவர் ஒன்றை நீட்டினாள். உள்ளே வளவனின் ஆள்.

"இது யாருன்னு சொல்லுங்கக்கா."

"நம்ம வளவன்."

"நம்ம வளவனாமா! அப்பறம் முனியப்பன் வேல்ல எதுக்குங்க்கா கெடந்தான் என்ற மவன்? வேண்டாதவங்க நாசமாப் போகோணும்னு காசு வெட்டிப் போடற எடத்துல? நெஞ்சுல செகப்புக் கோடு, முதுகுல பேரு, பேருக்குக் கீழ சைபரு!"

"அது வெளையாட்டு ஆளு கந்தம்மா. விழுந்துட்டான், பொழைக்கோணும்னுதான் கட்டுனேன். மழைக்கு நனையாம இருக்கட்டும்னு அந்தக் கூரைக்குக் கீழ…"

"அவன் விழுந்தது வெசாழக்கெழமை. நீங்க செவ்வாக்கெழமையே வந்து கட்டுனீங்கன்னு பூசாரி சொல்றாரு. விழறதுக்கு முன்னாடியே விழுந்துட்டான்னு எப்படிங்க்கா தெரிஞ்சுது ஒங்களுக்கு?"

நான் கதையைச் சொன்னேன். பாலம், பகடை, பதினாலு, ஆறு. சொல்லச் சொல்ல எனக்கே அது பைத்தியக்காரி பேச்சாகத்தான் கேட்டது.

அவள் அழுதுவிட்டாள். "நீங்க பொய் சொல்ல மாட்டீங்க. அது எனக்குத் தெரியும். ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். கற்பூரத்தப் பத்த வெச்சு அணச்சு சத்தியம் பண்ணுங்க. என்ற மவன் காலுக்கு ஏதாச்சும் ஆகோணும்னு ஒரு நாளும் மனசுல நெனச்சதில்லைன்னு. நான் இத இங்கயே கிழிச்சுப் போட்டுட்டு ஒங்க கையால காப்பி குடிச்சுட்டுப் போறேன்."

சாமி அறை ஐந்தே அடிதான். கற்பூர டப்பா எங்கே இருக்கிறது என்று கண்ணைக் கட்டினாலும் தெரியும்.

நான் நின்றேன். பதினைந்தாம் தேதி, பணியாரத் தட்டு, அந்த ஒரு நொடி.

"பண்ணுங்கக்கா." கெஞ்சினாள். நான் பண்ணிவிட வேண்டும் என்று அவளுக்கே அவ்வளவு ஆசை.

பண்ணவில்லை.

"சரிங்க" என்றாள். அவ்வளவுதான். கவரை இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டாள்.

உள்ளே போனேன். கனிஷ்கா கட்டிலில் சாய்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கதவு திறந்துதான் இருந்தது.

"ஏம்மா சத்தியம் பண்ணல?"

10-10-2024

கனிஷ்கா பேசவில்லை.

11-10-2024, சரஸ்வதி பூஜை

புத்தகம், கணக்கு நோட்டு, கத்தரிக்கோல் மூன்றுக்கும் பொட்டு வைத்தேன். இந்த நோட்டுக்கு வைக்கக் கை வரவில்லை. பேசவில்லை.

13-10-2024, ஞாயிறு

வந்தவர்கள்: ஒருவரும் இல்லை. ரஞ்சனி மட்டும் போன் செய்தாள். "ஊட்ல போக வேண்டாங்கறாங்க பெரிம்மா. எனக்கு அப்பிடியெல்லாம் ஒண்ணுமில்லீங்க. ஆனா அம்மா பயப்படறாங்க." அவள் அம்மாமேல் என்ன தப்பு? என் பிள்ளையின் முகம் அந்த வேலில் கிடந்திருந்தால் நான் அனுப்பியிருப்பேனா?

20-10-2024, ஞாயிறு

இன்று கனிஷ்கா பேசினாள். பேசாமல் இருந்திருக்கலாம் என்று இருக்கிறது.

"நெனச்சியா இல்லையா?"

"நெனச்சேன். ஒரு தடவ."

"என்னன்னு?"

சொன்னேன். அவள் கத்துவாள் என்று இருந்தேன். கத்தவில்லை. மேசையிலிருந்த ஆட்களை ஒவ்வொன்றாகக் கிளிப்பைக் கழற்றிப் படுக்க வைத்தாள்.

"அன்னிக்கு வண்டில 'வேகமாப் போடா'ன்னு சொன்னவ நாந்தாம்மா. அவன் யாருகிட்டயும் சொல்லல. ஒங்ககிட்டச் சொல்லாதடான்னு நாந்தான் கேட்டுக்கிட்டேன். அப்பா அவன் மூஞ்சியப் பாக்காம எந்திரிச்சுப் போறப்பல்லாம் அவன் தலையக் குனிஞ்சுட்டு உக்காந்திருந்தான்."

இரண்டு வருஷமாக நான் வைத்திருந்த கணக்கு தப்பு. கூட்டல் தப்பில்லை. யார் பெயரில் எழுதினேனோ அந்தப் பெயரே தப்பு.

31-10-2024, தீபாவளி

அதிரசம் இரண்டு மட்டும் சுட்டேன், சாமிக்கு. கந்தம்மாள் வீட்டுத் தட்டு இந்த வருஷம் வரவில்லை. நானும் அனுப்பவில்லை. அனுப்பினால் தொடுவாளா?

24-11-2024, ஞாயிறு

அறிவழகனுக்கு ஓசூரில் வேலை, போய்விட்டான். ரஞ்சனிக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள். கனிஷ்கா கம்ப்யூட்டரைத் திறந்து பல நாள் ஆகிறது. மதியச் சாப்பாடு பாதிக்கு மேல் திரும்பி வருகிறது. பிசியோ செய்ய வருகிற பெண், "ஞாயித்துக்கெழமை ஆளுக வந்துட்டிருந்தப்ப கையில பலம் இருந்துச்சுங்க்கா" என்றாள். சிரித்த கணக்கு எழுத ஒன்றுமில்லை, அந்தப் பத்தியை நோட்டில் காலியாக விட்டுக்கொண்டு போகிறேன்.

13-12-2024, கார்த்திகை தீபம்

சாயங்காலம் அகல் வைக்கும்போது தெருமுனையில் வளவன் போனான். ஒரு கைக்கோல். வலது காலை இழுத்து வைக்கிறான். எங்கள் வாசலில் விளக்கு எரிவதைப் பார்த்து நின்றான். நான் கையைத் தூக்குவதற்குள் பின்னால் கந்தம்மாள் வந்துவிட்டாள். இருவரும் போய்விட்டார்கள்.

எல்லாவற்றையும் இன்று இவரிடம் சொன்னேன். பதினைந்தாம் தேதியையும், கனிஷ்கா சொன்னதையும். இவர் எண்ணெய்க் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு கேட்டார். முடிவில் சொன்னார், "நீ ஒரு நாள் நெனச்ச. நான் ரெண்டு வருசமா ஞாயித்துக்கெழம தவறாம எந்திரிச்சுப் போயி அவனுக்குக் காட்டிக்கிட்டே இருந்தேன். யாரு செஞ்சது பெருசு ராசாத்தி?"

கிண்ணத்தை வாங்கி அடுத்த அகலுக்கு எண்ணெய் விட்டேன். விளக்கு இருபத்தேழு வைத்தோம். இரண்டு காற்றுக்கு அணைந்தது.

29-12-2024, ஞாயிறு

மூன்று மணிக்குக் கனிஷ்கா, "ஒரு ஆள் ஒட்டித் தா" என்றாள். டோக்கன் என்று சொல்லவில்லை. ஆள் என்றாள்.

ஜெராக்ஸ் கடைக்கு ஓடினேன். பிரித்துப் பார்த்தால் வளவன். அதே கேடயம், அதே சிரிப்பு. வெட்டும்போது கேடயத்தின் விளிம்பில் ஒரு நூல் அளவு கோணல். அவள் வாங்கி, சிவப்புக் குறி போடாமல், பாலத்துக்கு இந்தப் பக்கம் படுக்க வைத்தாள்.

"நீ உருட்டக் கூடாது. நானும் உருட்டக் கூடாது. உன்ற சாமியும் உருட்டக் கூடாது. மூணாவது உருட்டு அவனுது."

5-1-2025, ஞாயிறு

இருந்தவர்கள்: கனிஷ்கா, நான். இவரும் வீட்டில்தான் இருந்தார். எழுந்து போவதற்குக் காரணமானவன்தான் வருவதில்லையே.

கதைக்கு ஆள் வேண்டும் என்று என்னையே உட்கார வைத்தாள். எனக்கு வாள் பிடிக்கத் தெரியாது, பூட்டுத் திறக்கத் தெரியாது. விளக்குப் பிடிக்கிறேன் என்றேன். சரி, விளக்குக்காரி என்றாள். "மூஞ்சி வெக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். வை என்றேன். அடுத்தவர் பிள்ளையின் முகத்தை எடுத்துக்கொண்டு போகும்போது யோசிக்காதவள் என் முகத்துக்கு யோசிப்பதா?

என் ஆள் அறுந்த பாலத்தருகே, படுத்திருக்கிறவன் பக்கத்தில் விளக்கோடு நிற்கிறாள். நகர முடியாது. அவன் எழுந்தால்தான் கதை நகரும். இரண்டு மணி நேரம் நின்றோம். கனிஷ்கா காற்றைச் சொன்னாள், கீழே ஓடுகிற தண்ணீரைச் சொன்னாள். நான் திரியை ஏற்றினேன் என்றேன். சிரிக்கவில்லை. ஆனால் சாப்பிட்டாள்.

பிறகு வளவனுக்கு ஒரு கடிதம் எழுதினேன். போனில் கூப்பிட்டால் கந்தம்மாள் எடுப்பாள். அதோடு, எழுதினால்தான் எனக்குச் சரியாக வரும். யார் கையில் கொடுத்தனுப்புவது என்று நின்றபோது இவர் சட்டையை மாட்டிக்கொண்டார். "கொடு. அவிய ஊட்டுக்கு நானே போயி அவன் கையில தர்றேன். கந்தம்மா பேசறதக் கேட்டுக்கறேன்."

எழுதியதன் நகல்:

வளவா,

உன் ஆளை எடுத்துப் போய்க் கோயிலில் கட்டியது நான்தான். நீ பிழைக்க வேண்டும் என்று கட்டினேன். அதற்கு இரண்டு வாரம் முன்பு உன் காலைப் பார்த்துக் கெட்டதாக ஒரு நொடி நினைத்ததும் நான்தான். இரண்டும் உண்மை. அதனால்தான் உன் அம்மா கேட்டபோது கற்பூரம் அணைக்க முடியவில்லை. இதை அவளுக்கும் படித்துக் காட்டு. கனிஷ்கா எல்லாவற்றையும் எங்களிடம் சொல்லிவிட்டாள். நீ இனிமேல் எங்கள் வீட்டில் தலையைக் குனிந்து உட்கார வேண்டியதில்லை.

உன் ஆள் இன்னும் பாலத்தருகே படுத்தே கிடக்கிறான். எடுக்கவும் இல்லை, எழுப்பவும் இல்லை. மூன்றாவது உருட்டு உன்னுடையது என்கிறாள். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு மேசை போட்டிருக்கும். படி ஏறக் கஷ்டமென்றால் உன் பெரியப்பா கை கொடுப்பார்.

வருகிறாயா, வரமாட்டாயா? எதுவானாலும் சரி, சீக்கிரம் பதில் சொல்லு சாமி.